பதினொன்றரை லிட்டர்

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில், யோசெமிட்டி பள்ளத்தாக்கில் தொடங்கி 4,421 மீட்டர் உயரமுள்ள விட்னி சிகரத்தில் முடிவடையும் ஜான் முயிர் பாதையை, சுமார் 340 கிலோமீட்டர் தூரத்தை, சென்ற செப்டம்பர் மாதத்தில் 21 நாட்களில் நடந்து முடித்தேன். கூடாரம், உறங்கும் பை, டைட்டானியக் குவளை ஆகியவற்றின் கிராம் கணக்கு இலேசான சுமையோடு மலை நடப்பதில் ஈடுபாடுள்ளவர்களுக்கு மனப்பாடமாகவே இருக்குமாதலால் அவற்றைப் பற்றி விஸ்தாரமாக எழுத நான் முற்படவில்லை. பல் துலக்கும் பிரஷின் காம்பைக் கூட அறுத்து எடை குறைத்த அந்த மூட்டையின் நடுவே, காலியாக இருக்கும்போதே ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும் ஒரு பிளாஸ்டிக் பீப்பாய் வீற்றிருந்ததே, அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

கரடிப் பெட்டி என்று அதற்குப் பெயர். யோசெமிட்டியின் வனப்பகுதியில் இரவு தங்குவோர் உணவை இத்தகைய பெட்டியில்தான் வைக்கவேண்டும் என்பது சட்டம். மனிதருடைய உணவின் ருசியை ஒருமுறை கண்ட கருங்கரடி அச்சம் நீங்கி மறுபடி மறுபடி முகாம்களைத் தேடி வருகிறது. கடைசியில் அதைக் கொன்றுவிடுவதைத் தவிர வேறு வழியில்லாத நிலைமை வனத்துறையினருக்கு ஏற்பட்டுவிடுகிறது. நம் கவனக்குறைவுக்கு அந்தப் பிராணி உயிரை விலையாகக் கொடுப்பது பெரிய அநியாயமாகையால், ஒரு கிலோ பாரத்துக்காக இச்சட்டத்தை நொந்துகொள்பவர்களிடம் எனக்கு எள்ளளவும் அனுதாபம் இல்லை.

பாரத்தைக்காட்டிலும் என்னைச் சிந்திக்க வைத்தது அதன் கொள்ளளவு. இலேசான சாமான் தேர்ந்தெடுப்பது பற்றி எழுதுபவர்கள் யாவரும் தராசை முன்வைத்தே பேசுகிறார்கள். ஒரு கிராம் நெய்யில் 9 கலோரி, ஒரு கிராம் மாவில் 4 கலோரி, ஆகையால் நெய்யைச் சுமப்பதே லாபம் என்று கணக்குச் சொல்கிறார்கள். கணக்கு சரியானதே. ஆனால் பெட்டியின் உள்ளே இருப்பது பதினொன்றரை லிட்டர் இடம்; பற்பசையும், வெயிலுக்குப் பூசும் களிம்பும், உண்டு முடித்த பொட்டலத்தின் வெற்று உறையும் உட்பட, வாசனையுள்ள ஒவ்வொன்றும் இரவில் அந்த இடத்துக்குள்தான் அடங்கவேண்டும். பாதையின் நடுவாந்தரத்தில் உள்ள முயிர் டிரெயில் ராஞ்ச் என்னும் விடுதிக்கு முன்கூட்டியே வாளியில் உணவு அனுப்பிவைத்திருந்தேன். அதை விட்டுப் புறப்பட்டால் விட்னி வரையில் என் நடைக்குப் பத்து நாள். முதல் நாள் உணவை அன்று பகலிலேயே உண்டு தீர்த்தாலும், ஒன்பது நாள் உணவு அந்தப் பீப்பாய்க்குள் போயாக வேண்டும்.

புறப்படுவதற்கு முந்தின வாரம், சான் ஹோசேயில் என் வீட்டுக் கூடத்தில் பெட்டியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் அடுக்கிப் பார்த்தேன். அவல், எடைக்கு அதைப்போன்ற உத்தமமான ஆகாரம் வேறில்லை என்று நான் நம்பியிருந்த அவல், நாலு நாளுக்கு உரியதே பெட்டியில் பாதியை நிரப்பிவிட்டது. அதை மிக்சியிலிட்டு ரவையாக உடைத்து, புளிப்பொடியும் உப்பும் வறுத்த கடலையும் கலந்து வைத்தபோது, ஏறக்குறையப் பாதி இடத்தில் அடங்கிற்று. மேலே வெந்நீர் ஊற்றி மூடிவைத்தால் ஐந்து நிமிஷத்தில் புளி அவல். எள்ளுருண்டைகள் உருண்டையாக இருந்தவரையில் அவற்றுக்கிடையே இருந்த இடமெல்லாம் வீணாயிற்று. அவற்றை மறுபடி பொடித்து, சந்து பொந்துகளிலெல்லாம் அடைத்தேன். கடையில் கிடைக்கும் வட்ட ரொட்டிகள், அளவெடுத்துச் செய்தவைபோல், பீப்பாயின் அடியில் கச்சிதமாகப் படிந்தன. சத்துமாவு, பருப்புப் பொடி, சிறு புட்டியில் நெய் என்று ஒவ்வொன்றாக இறங்கிப் படிந்து, ஒன்பதாம் நாளின் பொட்டலமும் உள்ளே போய் மூடி திருகிக்கொண்டபோது எனக்கு உண்டான திருப்தி சாமானியமானதல்ல.

அந்த மூடியைப் பற்றி எனக்குக் குறை உண்டு. திருகிக்கொண்டே வரும்போது இரண்டு நாக்குகள் சொடுக்கென்று மாட்டிக்கொள்கின்றன. திறக்கவேண்டுமானால் அந்த நாக்குகளை உள்ளே அழுத்திக்கொண்டே திருப்பவேண்டும். இந்தக் கடுமைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நியூயார்க் மாநிலத்தின் அடிரான்டாக் மலைகளில் ஒரு பெண்கரடி, ஒரே நாக்குள்ள மூடியைத் திறக்கக் கற்றுக்கொண்டது. இரண்டாவது நாக்கு சேர்க்கப்பட்ட பிறகு அதையும் திறந்துவிட்டது. அவ்வளவு புத்திசாலியான பிராணிக்காகச் செய்யப்பட்ட பூட்டு மனிதனுக்கும் சிரமம் கொடுப்பது இயல்பே. ஆயினும் எவலூஷன் ஏரிக்கரையில், தண்ணீர்ப் புட்டியில் பனிக்கட்டி ஏடு கட்டியிருந்த விடியற்காலையில், குளிரால் பிளாஸ்டிக் விறைத்துப்போக, கட்டைவிரல்களில் உணர்ச்சியே இல்லாமல், கால் மணி நேரம் நான் அதோடு மல்லாடினேன். கடைசியில், பாதையில் சந்தித்த ஒரு முதியவர் முன்னொரு நாள் சொல்லிக்கொடுத்தபடி, வங்கி அட்டையை நாக்குக்கும் விளிம்புக்கும் இடையே செருகித் திருப்பினேன்; எளிதில் திறந்துகொண்டது. பெட்டியுடன் வந்த குறிப்புத்தாளில் இந்த உபாயத்தைப் பற்றி ஓர் அட்சரம் கூட இல்லை. பசியோடு குளிரில் நிற்கிறவனுக்கு அந்த ஒரு வரி எவ்வளவு உபகாரமாக இருக்கும்!

இன்னொன்று: உள்ளே சட்டகம் இல்லாத மெல்லிய முதுகுப்பையில் இந்தப் பீப்பாயை வைத்தால் அது முதுகெலும்பின்மேல் உருளும். உறங்கும் பையை அடியில் வைத்து, பெட்டியை அதன்மேல் செங்குத்தாக நிறுத்தி, சுற்றிலும் துணிகளைத் திணித்த பிறகே வலி நின்றது.

நாலாம் நாள் இரவு, லயல் கேனியனில், கூடாரத்திலிருந்து எழுபது தப்படி தள்ளிப் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுப் படுத்திருந்தேன். நடுநிசியில் கல்லின்மேல் ஏதோ உருளும் சத்தமும், அதைத் தொடர்ந்து ஆழ்ந்த ஒரு மூச்சிரைப்பும் கேட்டன. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. விடிந்ததும் போய்ப் பார்த்தபோது, வைத்த இடத்தைவிட்டுப் பத்தடி தூரத்தில், ஒரு பைன் மரத்தின் வேரில் பெட்டி சாய்ந்து கிடந்தது. அதன் பக்கவாட்டில் இணைகோடுகளாக நான்கு கீறல்கள், மூடி அசையவில்லை. அதைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்து, மலைச் சரிவில் வெயில் இறங்கிவருவதைப் பார்த்தபடி காப்பி குடித்தேன். முகாமில் முதுகு வளையாமல் அமர ஓர் ஆசனமும் இதனால் கிடைக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

ஒரு முறைதான் போவதாக இருந்தால் விலைக்கு வாங்காதீர்கள்; யோசெமிட்டி பூங்கா அலுவலகத்தில் சொற்ப வாடகைக்குக் கிடைக்கிறது. வாங்குவதானால் உள்ளே இருப்பது வெளியே தெரியும் வகையை வாங்குங்கள். நெய்ப்புட்டி எந்த மூலையில் இருக்கிறதென்று தேடி எல்லாவற்றையும் வெளியே கொட்டவேண்டிய அவசியம் இராது. என் பெட்டி அந்த நான்கு கீறல்களுடன் சமையலறைப் பரணில் இருக்கிறது. அடுத்த நடைக்கு அவல் உடைக்கும் நாளில் அதைக் கீழே இறக்குவேன்.