அம்மாவின் இரண்டு கையெழுத்துகள்

அம்மாவுக்குக் கையெழுத்து இரண்டு. தாராவி மாநகராட்சிப் பள்ளியின் கரும்பலகையில் எழுதுவது ஒன்று. வீட்டுக் கணக்கு நோட்டிலும் ஊருக்குப் போடும் கடிதத்திலும் எழுதுவது இன்னொன்று. சாய்வும் உருட்சியும் இரண்டிலும் ஒன்றுதான். குறிப்பிட்ட சில எழுத்துகள் வரும்போது மட்டும் கை வேறு பாதையில் போகும்.

1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தது. பெரியார் 1935 முதல் 'குடி அரசு' இதழில் கையாண்ட வடிவங்கள் அப்போது அரசு ஏற்பைப் பெற்றன. மாறியவை 13 எழுத்துகள். ணா, றா, னா ஆகியவற்றில் எழுத்தோடு சேர்ந்தே சுழன்று இறங்கிய கால் தனியே பிரிந்து நின்றது. ணை, லை, ளை, னை நான்கின் தலையிலும் வளைந்திருந்த தும்பிக்கை போய், மற்ற எழுத்துகளுக்கு உள்ள அதே இணைக்கொம்பு முன்னால் வந்து உட்கார்ந்தது. அம்மாவுக்கு அப்போது வயது நாற்பதுக்கு மேல். பாளையங்கோட்டையில் கன்னியாஸ்திரிகளிடம் ஆசிரியைப் பயிற்சி முடித்து, கல்யாணமாகி பம்பாய் வந்து, தும்பிக்கை லையை எத்தனையோ பிள்ளைகளின் கைபிடித்து எழுத வைத்தவள். புதிய வடிவத்தை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டாள். பிள்ளைக்குச் சுமை குறைகிறதென்றால் நல்லதுதானே என்பாள். கரும்பலகையில் பழைய வடிவத்தை அதன்பின் நான் பார்த்ததே இல்லை.

வீட்டில் அது அப்படியே இருந்தது. அந்த நான்கு எழுத்துகளும் அவள் அன்றாடம் செபிக்கும் சொற்களிலேயே இருந்தன என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது. செபமாலை, அன்னை, துணை, பிள்ளை. இவற்றைப் பழைய தும்பிக்கையோடு அவள் எழுதியிருப்பதைப் பார்க்க வேண்டும். அன்னையின் னையில் அந்த வளைவு கொஞ்சம் நீண்டு, பக்கத்து எழுத்தின் மேல் நிழல்போலக் கவிந்து நிற்கும். அலங்காரத்துக்காகச் செய்ததில்லை. அந்தச் சொல்லில் கை ஒரு கணம் கூடுதலாகத் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் சே.ம.சூ. என்று இருக்கும். சேசு, மரி, சூசை. இந்துக் குடும்பங்களில் பிள்ளையார் சுழி போடுவதுபோல் எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கர் கடிதம் தொடங்கும் முறை அது. பால்காரன் கணக்குக்கும் அதுதான், தங்கச்சிக்குப் பேறுகாலம் என்ற கடிதத்துக்கும் அதுதான். பள்ளி நோட்டில் மட்டும் போடமாட்டாள். இந்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்த வகுப்பு அது. அங்கே அவள் டீச்சர் மட்டுமே. அந்த எல்லையை அவள் காத்த நேர்த்தியை நினைத்தால் இன்றும் பெருமையாக இருக்கிறது.

ஒரேயொரு இடத்தில் மட்டும் தனக்குச் சலுகை கொடுத்துக்கொள்வாள். 'கெ'யும் 'கே'யும் சொல்லித் தரும் நாள் அது. ஓலைச்சுவடிக் காலத்தில் குறில் எகரத்துக்கு மேலே புள்ளி வைக்க வேண்டும் என்பது இலக்கணம். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று பலர் வைக்காமலே விட்டார்கள். படிப்பவர் இடம்பார்த்துக் குறிலா நெடிலா என்று ஊகிக்க வேண்டியிருந்தது. நெடிலுக்குக் கொம்பை மேலே சுழித்துவிடும் வழக்கம் வீரமாமுனிவரால் வந்ததென்று சொல்வார்கள். இத்தாலியில் 1680இல் பிறந்து, இயேசு சபைத் துறவியாகத் தமிழ்நாட்டுக்கு வந்து, 1747இல் மறைந்தவர். சூசையப்பரைக் காவியத் தலைவராக வைத்துத் 'தேம்பாவணி' பாடியவர். அம்மா வகுப்பில் இவ்வளவும் சொல்லமாட்டாள். "இந்தச் சுழியை ஒரு சாமியார் நமக்குப் போட்டுக் கொடுத்தாரு" என்று மட்டும் சொல்லி, சாக்குக்கட்டியால் அந்தச் சுழியை மெல்ல, முழுதாக, ஒரு முறை வரைவாள். தமிழ் எழுத்தில் தமிழ் மண்ணோரம் அச்சான முதல் புத்தகமே 1578இல் கொல்லத்தில் வெளியான 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்கச் செபநூல்தான். அதைத் தந்த அண்ட்ரிக் அடிகளார் நெடுங்காலம் உழைத்தது எங்கள் முத்துக்குளித்துறைக் கரையில். அந்தப் பெருமையை அம்மா வீட்டுக்கென்று வைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை பள்ளி விட்டதும் மாகிம் ஸ்டேஷன் பாலம் ஏறி இறங்கி, புனித மிக்கேல் கோவிலுக்கு நடப்பாள். 1948இலிருந்து அங்கே புதன்தோறும் சகாயமாதா நவநாள். மெழுகில் செய்த கை, கால், வீடு என்று வேண்டுதலுக்கேற்ப வாங்கிக்கொண்டு எல்லா மதத்தாரும் வரிசையில் நிற்பார்கள். அம்மாவோடு தொண்ணூறடி ரோட்டுப் பிள்ளைகளின் அம்மாமாரும் வருவார்கள், நெற்றியில் திருநீறோடு. சுற்றிலும் இங்கிலீஷில் செபம் ஓட, அவள் உதடு தமிழில் அசையும். பக்கத்தில் நின்று கேட்டால் ஒரு விஷயம் புரியும்: அவள் அவசரப்படுவதே இல்லை. செபமாலையின் 53 அருள்நிறை மந்திரத்திலும் முதலாவதுக்குக் கொடுத்த அதே மூச்சு கடைசிக்கும் உண்டு. ழகரம் நாக்கில் மடங்காமல் ஒருமுறையும் நழுவியதில்லை. வகுப்பில் நாற்பதாவது பிள்ளையின் நோட்டைத் திருத்தும்போதும் அப்படித்தான். மணி அடித்துவிட்டதே என்று ஒப்புக்கு ஒரு சரி போட்டு அனுப்பமாட்டாள்.

கோவிலும் பள்ளியைப் போலவே அவளை மாறச் சொல்லிக்கொண்டே இருந்தது. லத்தீனில் பூசை கண்டு வளர்ந்தவள் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு தமிழ்ப்பூசைக்கு வந்தாள். சர்வேசுரன் ஆண்டவரானார், சேசு இயேசுவானார். 1995இல் பொதுமொழிபெயர்ப்பாகத் திருவிவிலியம் வந்தபோது ஓய்வு பெற்றுச் செம்பூரில் இருந்தாள். அதையும் வாங்கி, அட்டை போட்டு, தொடக்கத்திலிருந்து படித்தாள். கோவிலில் எல்லோரும் சொல்லும் புதிய சொல்லைத் தெளிவாகச் சொல்வாள். வீட்டில், இருட்டில், படுக்கப் போகுமுன், சேசுவேதான். இதைப் பிடிவாதம் என்று என் தம்பி சொல்வான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிடிவாதக்காரர் மற்றவரையும் இழுப்பார். அம்மா எங்கள் யாரையும் பழைய சொல்லுக்குத் திருப்பியதில்லை. ஊருக்கு எது பொது, தனக்கு எது சொந்தம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

2002 அக்டோபரில் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் செபமாலையில் புதிதாக ஐந்து ஒளியின் மறையுண்மைகளைச் சேர்த்தார். அதுவரை சந்தோஷம், துக்கம், மகிமை என்று 15 தேவ இரகசியங்கள். வியாழக்கிழமை சந்தோஷத்துக்குரிய நாள். இனி வியாழன் ஒளிக்கு என்றானது. எழுபதைக் கடந்த அம்மா புதிய ஐந்தையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி, ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்தாள். ஆனால் பழைய வியாழனை அவளால் வெறுமனே விட முடியவில்லை. ஒளியைச் சொல்லி முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு, சந்தோஷத்தையும் சொல்வாள். வியாழக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சாப்பாடு தாமதமானதற்கு அதுதான் காரணம். இறக்கும்வரை அப்படியே நடந்தது, தொண்ணூறு தாண்டிய பிறகும்.

கடைசி வருடங்களில் பார்வை மங்கியது. பழைய செபப் புத்தகத்தின் பொடி எழுத்து தெரியவில்லை. இங்கிலீஷ் மீடியத்தில் படித்த என் மகள் அதைக் கணினியில் அடித்துப் பெரிதாக்கித் தர முன்வந்தாள். கணினியில் லைக்குப் பழையது, புதியது என்று தனித்தனிக் குறியீடு கிடையாது. உள்ளே இருப்பது ஒன்றுதான், எப்படித் தெரிய வேண்டும் என்பதை எழுத்துரு பார்த்துக்கொள்கிறது. அவள் தேடிப் பிடித்துப் பழைய வடிவங்கள் உள்ள எழுத்துருவை மாற்றிப் போட்டு அச்செடுத்தாள். அம்மா அந்தத் தாள்களைச் சன்னல் பக்கம் நகர்த்தி, தும்பிக்கைகளின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். பிறகு பேத்தியைக் கூப்பிட்டு, சிவப்புப் பென்சில் கேட்டு வாங்கி, விட்டுப்போன ஒற்றுகளையெல்லாம் போட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.