பிறந்த மண் தந்த தீர்ப்பு

வாக்களித்து விட்டோம், வழியனுப்பி விட்டோம், இனி ஆள வேண்டியவர் அவர், அடங்க வேண்டியவர் நாம். மக்களாட்சியின் பொருள் இவ்வளவுதானா? அன்றி, ஒவ்வொரு சட்டத்துக்கும் ஊர் கூடிக் கை தூக்கினால்தான் அது மக்களாட்சியா? இருநூறு ஆண்டுகட்கும் மேலாக நடந்துவரும் வழக்கு இது! இரு தரப்புக்கும் ஏடுகள் உண்டு. ஒன்று, எட்மண்ட் பர்க் 1774 நவம்பர் 3-ஆம் நாள் பிரிஸ்டல் நகர வாக்காளர்முன் ஆற்றிய உரை. மற்றொன்று, ரூசோ 1762-இல் வெளியிட்ட 'சமுதாய ஒப்பந்தம்'. இரண்டையும் போற்றிப் பாடுவோர் பலர். நிறுத்துப் பார்ப்போர் சிலர். நாம் நிறுத்துப் பார்ப்போம்.

பர்க்கின் உரை, பணிவின் உடையில் வந்த துணிவு. வென்ற மேடையிலேயே, வாக்களித்தோரின் கட்டளைக்குத் தலையாட்ட மறுத்தார் அவர். பிரதிநிதி, வாக்காளரின் அஞ்சற்காரனல்லன். ஆராய்ந்து முடிவு செய்யும் பொறுப்புடையவன். ஊர் நலனுக்கு மேல் நாட்டு நலன் உண்டு என்பதே அவர் வாதத்தின் சாரம்.

வெறும் வீம்போ இது? அன்று! அயர்லாந்தின் வணிகத் தளைகளைத் தளர்த்தவும், கத்தோலிக்கர்மீது சுமத்தப்பட்ட தடைகளைக் குறைக்கவும் அவர் நின்றார். பிரிஸ்டல் வணிகர் சினந்தனர். 1780-இல் அத்தொகுதியை அவர் இழந்தார். கொள்கைக்காகப் பதவியை இழந்தவரை எள்ளி நகையாடுவது நமக்கு அழகன்று.

எனினும், அவ்வுரையில் ஓட்டை ஒன்று உண்டு. மக்களிடம் இருப்பது விருப்பம், மன்றத்தில் இருப்பதே அறிவு என்னும் எண்ணம் அதன் அடித்தளத்தில் கிடக்கிறது. மக்களுக்கு ஆராயத் தெரியாதா? ஆராய்ந்திட வாய்ப்பளித்தது யார்? அன்றைய பிரிஸ்டலில் பெண்ணுக்கு வாக்கில்லை. ஏழைகளில் பெரும்பாலோர்க்கும் இல்லை. கல்வியை மறுத்துவிட்டுக் 'கல்லாதவன்' என்று இகழ்ந்தோரை நாம் அறிவோம். இதுவும் அந்த வாதத்தின் உடன்பிறப்பே!

வாய்ப்பளித்துப் பார்த்தது அயர்லாந்து. பர்க் பிறந்த டப்ளினிலும் அதனை அடுத்த மாலஹைடிலும், 2016 முதல் 2018 வரை குடிமக்கள் பேரவை கூடியது. தலைவராக உச்சநீதிமன்ற நீதிபதி ஒருவர். உறுப்பினராகத் தேர்தலில் நில்லாத குடிமக்கள் 99 பேர். வயதும் பாலும் வாழிடமும் நாட்டை ஒத்திருக்குமாறு பார்த்துப் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள் அவர்கள். கருக்கலைப்பைத் தடுத்து நின்ற 1983-ஆம் ஆண்டின் அரசியல் சட்டத் திருத்தம் அவர்கள் முன் வைக்கப்பட்டது. வார இறுதிகள் ஐந்தில் மருத்துவரைக் கேட்டனர். சட்ட அறிஞரைக் கேட்டனர். எதிரும் புதிருமான இரு தரப்பையும் கேட்டனர். மாற்றம் வேண்டும் என்றனர். அரசியல்வாதிகள் தொடத் தயங்கிய நெருப்பைச் சாமானியர் தொட்டனர்! பாராளுமன்றக் குழு அதனை ஆராய்ந்தது. 2018 மே 25-இல் நாடே வாக்களித்தது. மாற்றத்துக்கு ஆதரவு 66.4 விழுக்காடு.

அப்படியாயின் ரூசோ வென்றாரா? பொறுத்திடுக! மக்களின் விருப்பத்தை அவர்களுக்காக இன்னொருவர் ஏந்திச் செல்ல இயலாது என்றவர் அவர். தேர்தல் முடிந்ததும் ஆங்கிலேயரின் உரிமையும் முடிந்து போகிறதென இடித்துரைத்தவர். அவர் பிறந்த ஜெனீவா, இன்று சுவிட்சர்லாந்தின் ஒரு பகுதி. அங்கு 50,000 கையொப்பம் திரட்டினால், பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தையே மக்கள் வாக்குக்கு இழுக்கலாம். அத்தகைய நாட்டில், பெண்ணுக்கு வாக்குரிமை தரலாமா என்று 1959-இல் ஆண்களைக் கேட்டனர். மூன்றில் இரு பங்கினர் 'வேண்டாம்' என்றனர்! 1971-இல்தான் இசைந்தனர். அப்பென்சல் இன்னர்ரோடன் மாநிலத்திலோ, திறந்தவெளியில் கூடிக் கைதூக்கி முடிவு செய்யும் ஆடவர் 1990-இலும் மறுத்தனர். அவ்வாண்டே நீதிமன்றம் தலையிட்டுக் கதவைத் திறக்க வேண்டியதாயிற்று. வானமே கூரையான மன்றம். ஆனால், பாதி மக்களுக்கு அங்கே இடமில்லை!

பர்க்கைப் பிறந்த மண் திருத்தியது. ரூசோவையும் பிறந்த மண் திருத்தியது. இருவரும் கேட்கத் தவறிய கேள்வி ஒன்றே: அவையில் இல்லாதவர் யார்?

இசைவு எளிதன்று என்பதையும் மறைத்திடல் ஆகாது. பெண்ணின் இடம் வீடு என்னும் கருத்தைச் சுமந்த அயர்லாந்து அரசியல் சட்டப் பிரிவை நீக்குமாறு இன்னொரு குடிமக்கள் பேரவை பரிந்துரைத்தது. அரசு அதனை வேறு சொற்களில் வடித்து 2024 மார்ச் 8-இல் வாக்குக்கு விட்டது, மக்கள் தள்ளினர். குடிமக்கள் பேரவை மக்களாகிவிடாது. மக்களிடம் ஒப்புதல் பெறும் பொறுப்பும் எவரையும் விட்டு நீங்காது.

எனவே, உறுப்பினரை ஒழித்து மக்கள் என்பதும் பிழை. மக்களை மறந்து உறுப்பினர் என்பதும் பிழை. மக்கள் கேட்டு ஆராயட்டும். மன்றம் அதற்கு விடையளிக்கட்டும். அடிப்படைச் சட்டத்தில் இறுதிச் சொல் எல்லோருடையதாகட்டும். இளைஞர்களே! பர்க்கைப் படியுங்கள், ரூசோவையும் படியுங்கள். படித்து முடித்ததும், யாருக்கு நாற்காலி போடப்படவில்லை என்று எண்ணிப் பாருங்கள்.