பெரிய முகமும் சிறிய முகங்களும்

அயற்பாடசாலையொன்றின் ஆண்டு விழாவில் ஸ்தாபகரின் முகம் பெரியதொரு பதாகையாகத் தொங்கியது. மாணவர்களின் பாஸ்போட் சைஸ் படங்களை அடுக்கியே அம்முகத்தை ஆக்கியிருந்தார்கள். எல்லோரும் தூர நின்று வியந்தோம். ஒரு சிறுமி மட்டும் கிட்டப் போய்த் தன்னைத் தேடினாள். ஸ்தாபகரின் தலைமயிருக்குள் கறுத்துப்போய்க் கிடந்தாள். காட்டிக்கொடுத்தேன். "இது நானில்லை, சேர்" என்றாள்.

அவள் சொன்னது நல்ல விமர்சனம். 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் மாணவராக இருந்த றொபேட் சில்வர்ஸ் இம்முறையைக் கணினியில் செய்துகாட்டினார். பெரிய படம் கட்டங்களாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு கட்டத்தின் நிறத்துக்கும் ஒளிநிழலுக்கும் நெருங்கிய சிறுபடத்தைக் கணினி தேடிப் பொருத்தும். படங்கள் போதாவிட்டால் ஒன்றையே பல இடங்களில் ஒட்டலாம். சில மென்பொருள்கள் சிறுபடத்தின் மேல் நிறத்தையே பூசிவிடும். யாருடைய முகம் என்பதல்ல, எவ்வளவு கறுப்பு என்பதே அதற்கு வேண்டும்.

இவ்வடிவத்தை முற்றாகத் தள்ளிவிடவும் முடியாது. 2004 இல் ஜோ வெசோரெக் என்பவர் ஈராக்கில் மாண்ட அமெரிக்கப் படையினரின் படங்களைக் கொண்டே ஜோர்ஜ் புஷ்ஷின் முகத்தை உருவாக்கினார். அங்கே சிறுமுகங்கள் பெருமுகத்துக்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன. ஆயினும் அவர்களும் புஷ்ஷின் கன்னமாகவும் நெற்றியாகவுமே நிற்கிறார்கள் என்பது எனக்கு உறுத்துகிறது.

2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். பந்தலில் படங்கள் வரிசையாக இருந்தன. தூர நின்றால் எந்த உருவமும் தெரியாது. கிட்டப் போகத்தான் வேண்டும். ஒரு தாயின் மகனுடைய இடத்தில் இன்னொருத்தியின் மகனை ஒட்ட முடியாது. பல படங்களாலான பெரும்படம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் கிட்டப் போய்ப் பார்க்கும் இந்தக் கண் எமக்கு எப்போதும் இருந்ததா? 'தமிழ் பேசும் மக்கள்' என்பதும் ஒரு பெரும்படமே. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபுல முஸ்லிம்களை வெளியேற்றிய பின்பும் அது எமக்கு முழுமையாகவே தெரிந்தது. பக்கத்துக் கட்டங்களையே திரும்ப ஒட்டி வெற்றிடத்தை நிரப்பிக்கொண்டோம். நாச்சிக்குடாவிலிருந்தும் நீராவிப்பிட்டியிலிருந்தும் போனவர்களின் முகங்கள் வன்னியில் எழுதப்பட்ட கதைகளில் எத்தனை? நான் வாசித்தவற்றில் விரல்விட்டு எண்ணிவிடலாம்.