அடியில் இருக்கும் பெயர்

போன பொங்கலுக்கு என் தங்கை மகன் எஸ்போவிலிருந்து குரங்கணிக்கு வந்தபோது ஒரு கண்ணாடிப் பறவை கொண்டுவந்தான். ஃபின்லாந்தில் வாயால் ஊதிச் செய்தது. உள்ளங்கையில் அடங்கும், பழுப்பு உடம்பு, புகைநிறக் கழுத்து. அம்மா அதை வாங்கியதும் தலைகீழாகத் திருப்பினாள். நாற்பது வருஷம் போடியில் ஏலக்காய் தரம் பிரித்தவள், எதையும் புரட்டிப் பார்த்துத்தான் நம்புவாள். அடியில் ஊசியால் கீறியதுபோல் சில எழுத்துகள்.

"என்னய்யா எழுதிருக்கு?"

"ஓ. டொய்க்கான்னு இருக்கு அம்மாச்சி. ஓய்வா டொய்க்கா. அவருதான் டிசைனர்."

"அவருதான் ஊதுனாரா?"

"இல்ல, அவரு வரைஞ்சு குடுப்பாரு. ஊதுறது வேற ஆளு."

"அப்ப ஊதுனவன் பேரு எங்க?"

அவனிடம் பதில் இல்லை. ஃபின்லாந்துக் கண்ணாடி பற்றி நான் புரட்டிய கனமான படப் புத்தகங்களிலும் இல்லை.

அந்தப் புத்தகங்கள் சொல்வது டிசைனர்களின் கதை. 1936-ல் ஒரு போட்டிக்காக அல்வர் ஆல்டோ வரைந்த, ஓரம் அலையலையாக வளையும் பூச்சாடி. 1946-ல் டாபியோ விர்க்கலாவின் 'கன்டரெல்லி', மழைக்குப் பிறகு விரிந்த காளான் மாதிரி, உடம்பெல்லாம் மயிரிழைக் கோடுகள். போரில் நிலத்தை இழந்து, சோவியத் யூனியனுக்கு 1952 வரை இழப்பீடு கட்டிய சின்ன நாடு அது. 1951 மிலான் திரியெனாலே கண்காட்சியில் விர்க்கலா ஒருவரே மூன்று பெரும் பரிசுகளை வாங்கினார். நாயகர்களைத் தேடிக்கொண்டிருந்த நாட்டுக்கு டிசைனர்கள் கிடைத்தார்கள். கண்ணாடிக்கு அடியில் உள்ள கையெழுத்துக்கு அவ்வளவு கனம் வந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அவர்களின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. டிமோ சர்பனேவாவின் 'ஒர்கிடேயா'வை எடுத்துக்கொள்ளுங்கள். உருகிய கண்ணாடிக் கட்டிக்குள் ஈரக் குச்சியைச் செருகுகிறார்கள். ஈரம் ஆவியாகி உள்ளே ஒரு வெற்றிடத்தைத் திறக்கிறது. மூச்சுக்குப் பதில் நீராவி. 1954-ல் ஓர் அமெரிக்க இதழ் அதை அந்த ஆண்டின் மிக அழகான பொருள் என்றது. அழகுதான், மறுக்க முடியாது. ஆனால் குச்சியை எந்தக் கணத்தில் நுழைப்பது, எப்போது இழுப்பது என்பதை எந்த வரைபடமும் சொல்லாது. அது உலைக்கு முன்னால் வேர்த்து நிற்பவனின் கண்ணில் இருக்கிறது.

இந்தப் பெயர் வழிபாட்டை உள்ளேயிருந்தே எதிர்த்தவர் காய் ஃப்ராங்க். நூட்டாயார்வி கண்ணாடித் தொழிற்சாலையின் கலை இயக்குநர். அன்றாடப் பொருள்களில் டிசைனர் பெயர் வேண்டாம், அவை பலர் கூடிச் செய்தவை என்று 1960-களில் வாதாடினார். அவருடைய 'கார்டியோ' டம்ளர் 1958-ல் வந்தது. ஒரு வரி, ஒரு பூ கிடையாது. நம்ம டீக்கடை கிளாஸ்கூட அதற்குப் பக்கத்தில் ஆடம்பரமாகத் தெரியும். இன்றைக்கு அந்த டம்ளரை விற்பதே ஃப்ராங்க் பெயரைச் சொல்லித்தான்.

எனக்கு ஃப்ராங்கைப் பிடிக்கும். ஆனால் அவர் கேட்டது பாதிக் கேள்வி. தன் கலைப்பொருள்களில் அவரும் கையெழுத்து வைத்தார் என்பது ஒரு பக்கம். டிசைனர் பெயரை அழித்துவிட்டால் ஊதுபவன் பெயர் வந்துவிடுமா? அவனுக்கு அழிக்கக்கூட எதுவும் இருக்கவில்லை.

நமக்கும் பெயரில்லாமையைப் புனிதமாக்கும் பழக்கம் உண்டு. அரிக்கமேட்டில் கிடைத்த கண்ணாடி மணிகளைப் பற்றிப் பேசும்போது பாருங்கள். உருகிய கண்ணாடியைத் துளையோடு நீளக் குழலாக இழுத்து, நறுக்கி, மறுபடி சூட்டில் முனை மழுக்கிய மணிகள். அந்த வகை தென்கிழக்காசியா வரை போயிருக்கிறது. அதே இழுப்பு முறை ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம் வரை நடந்தது. மேடையில் 'பெயர் தெரியாத கலைஞன்' என்று உருகுகிறோம். அவன் பேரை யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். அம்மா பிரித்த காய் ஏலத்துக்குப் போகும்போதும் லாட் எண்தான் இருக்கும். அதற்காக அவள் புலம்பியதில்லை, கூலிக்காகப் புலம்பியிருக்கிறாள்.

டொய்க்காவுக்கு வருகிறேன். 1963-ல் நூட்டாயார்வியில் சேர்ந்தார், 1972-ல் பறவைகளைத் தொடங்கினார், 2019-ல் இறப்பதற்குள் 400-க்கும் மேற்பட்ட வகைகள். சேகரிப்பாளர்களின் அலமாரிப் பொம்மை என்று ஒதுக்கிவிடுவது சுலபம். எனக்கென்னவோ ஆல்டோவின் சாடியைவிட இவை ஒரு படி மேல். சாடியின் வளைவை அச்சு முடிவு செய்கிறது. பறவையில் அலகை இழுக்கும் நொடியில்தான் அதன் குணம் வருகிறது. கொஞ்சம் தூக்கினால் திமிர், தாழ்ந்தால் சோகம். அந்த நொடியை டொய்க்கா ஊதுபவனுக்கே விட்டுவைத்தார். ஒரே வகையில் இரண்டு பறவைகளைப் பக்கத்தில் வைத்தால் ரெண்டும் வேற வேற ஆளாகத் தெரிவது அதனால்தான். அப்படி இடம் விட்டவர் அடியிலும் கொஞ்சம் இடம் விட்டிருக்கலாம்.

1793-ல் தொடங்கிய நூட்டாயார்வி தொழிற்சாலை 2014-ல் மூடப்பட்டது. வரைபடத்தை அருங்காட்சியகத்தில் வைக்கலாம். எத்தனை சூட்டில் எவ்வளவு மூச்சு என்பதை எங்கே வைப்பது? ஃபின்லாந்தும் வேறு ஐந்து நாடுகளும் கேட்டு, கையால் கண்ணாடி செய்யும் அறிவை 2023-ல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. தாமதம்தான், ஆனாலும் நல்ல காரியம். அதிலும் நுட்பத்துக்குத்தான் பெயர்.

பறவை இப்போது எங்கள் வீட்டு ஜன்னல் திட்டில் இருக்கிறது. கொட்டகுடிப் பக்கத்து மலையிலிருந்து வெயில் இறங்கும்போது சுவரில் பழுப்பாக ஒரு திட்டு விழும். போன வாரம் அம்மா அதைத் துடைத்துக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க பாரு, மூக்கு இந்தப் பக்கம் லேசா சாஞ்சிருக்கு. இழுக்கும்போது யாரோ கூப்பிட்டிருக்காக. திரும்பிப் பாத்திருக்கான்."