இளஞ்சிறாரும் அச்சமும்: ‘பேட்மேன்’ சித்திரத் தொடர் பற்றிய ஒரு மதிப்பீடு

ஒரு படைப்பு நன்று என்பதும், அஃது இன்னார்க்கு ஏற்றது என்பதும் வெவ்வேறு முடிபுகளாம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் சிறார்க்குரிய படைப்புகளைப் பற்றிய திறனாய்வு பலகாலும் தடுமாறுகின்றது. அமெரிக்க நாட்டில் 1992ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஃபாக்ஸ் தொலைக்காட்சியின் சிறுவர் பகுதியில் தொடங்கிய ‘பேட்மேன்’ சித்திரத் தொடர் இதற்குத் தக்க சான்று. 85 பகுதிகளைக் கொண்ட இத்தொடர் ஐந்தாறு வயதுக் குழந்தைக்கு ஏற்றதா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது.

இத்தகைய தொடர்களைக் கடிவோர் பெரும்பாலும் அடிதடிகளை எண்ணிக் காட்டுவர். அத்தொலைக்காட்சியாரும் ஏறத்தாழ இவ்வளவுகோலையே கைக்கொண்டனர். கண்ணாடி உடைதல், கழுத்தை நெரித்தல், குழந்தைகள் இடருறுதல் முதலியன விலக்கப்பட்டன. தொடரை உருவாக்கினோருள் ஒருவராகிய புரூஸ் டிம், இவ்விலக்குகள் அனைத்தையும் ஒரே படத்தில் திரட்டி நகைச்சுவை தோன்ற வரைந்துள்ளார். கண்ணுக்குத் தெரியும் கொடுமையை நீக்கினாலே ஒரு கதை குழந்தைக்கு உரியதாகிவிடும் என்பது இவ்விதிகளின் உட்கிடை. இக்கருத்துப் பொருந்தாது என்பதைத் தொடரின் சிறந்த பகுதிகளே காட்டுகின்றன.

‘ராபின்ஸ் ரெக்கனிங்’ என்னும் இருபகுதிக் கதையை நோக்குவோம். வட்டரங்கில் ஊஞ்சலாடும் தாய் தந்தையர் மேலிருந்து வீழ்ந்து மடிகின்றனர். கயவன் ஒருவன் கயிற்றைச் சிதைத்து வைத்திருந்தான். வீழ்ச்சி காட்டப்படவில்லை. அறுந்த கயிறு மட்டும் வெறுமையாய்த் திரும்பி வருகின்றது. மகன் அதனைக் கண்டு நிற்கின்றான். குருதி ஒரு துளியும் இல்லை. விதி எதுவும் மீறப்படவில்லை. கலைநோக்கில் இக்காட்சி மிகச் சிறந்தது. இதன் முதற்பகுதி 1993இல் எம்மி விருது பெற்றதும் தகுதியே. ஆயினும் அவ்வெற்றுக் கயிற்றின் பொருளை உணராத குழந்தைக்குக் கதை விளங்காது. உணர்ந்த குழந்தைக்கோ பெற்றோரை இழத்தல் என்னும் பேரச்சம் உள்ளத்தில் தைக்கும். கதைத்தலைவனும் இளமையில் பெற்றோரைக் கொலைக்கு இழந்தவனே. எனவே இவ்வச்சம் ஒரு பகுதியில் வந்து போவதன்று. தொடர் முழுமைக்கும் அதுவே அடிநிலை.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினைக் கூறுகின்றார். இவற்றுள் விலங்கினைக் கண்ட அளவிலே அஞ்சலாம். கள்வர்க்கு அஞ்சுதற்கு அவர் செய்யக்கூடுவதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இறைக்கு அஞ்சுதற்குத் தன் தவற்றைத் தான் உணர்தல் வேண்டும். ஆகவே உருவால் வரும் அச்சம், நினைவால் வரும் அச்சம் என இருவகை கொள்ளுதல் தகும். இவ்வேறுபாடு வயதொடு தொடர்புடையது என்பதற்கு ஸ்பார்க்ஸ், கான்டர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1986இல் வெளியிட்ட ஆய்வு துணை நிற்கின்றது. மனிதன் பூதவுருக் கொள்ளும் ‘ஹல்க்’ தொலைக்காட்சிக் கதையைக் கண்ட சிறு குழந்தைகள், உருமாறிய பின்னரே மிக அஞ்சினர். மூத்த சிறுவரோ, மாற்றத்திற்கு முன்னர், வரவிருக்கும் இடரை எண்ணி அஞ்சினர். பூதம் நன்மை செய்யவே வந்தது என்னும் அறிவு இளையோர்க்கு உதவவில்லை. பேட்மேன் தொடரிலோ ஒருபாதி முகம் சிதைந்தவனும், வௌவாலாய் மாறும் அறிஞனும் உளர்; பின்புலங்களும் கருந்தாளின்மேல் தீட்டப்பெற்றவை. தலைவனே இரவில் அஞ்சத்தக்க கோலம் பூண்டு வருபவன். எனவே இருவகை அச்சமும் இத்தொடரில் ஒருங்கே அமைந்துள்ளன.

‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ என்னும் பகுதி வேறொரு தடையைக் காட்டும். நோயுற்ற மனைவியைப் பனியில் உறையவைத்துக் காக்க முயன்ற அறிஞன் ஒருவன், செலவு கருதி ஆய்வை நிறுத்திய முதலாளியின் கொடுமையால் குற்றவாளி ஆகின்றான். அவன் குற்றம் தண்டிக்கப்படுகின்றது. அவன் துயரமோ நம் நெஞ்சை உருக்குகின்றது. தண்டனையும் இரக்கமும் ஒருவனுக்கே உரியனவாதலைப் பத்து வயதுச் சிறுவன் உணர்வான். அஃது அவனுக்கு நல்ல அறப்பயிற்சியுமாம். நல்லவர், தீயவர் என இரு கூறாக உலகை வகுத்துக் காணும் ஐந்து வயதுக் குழந்தைக்கு அது மயக்கமாகவே முடியும்.

இளங்குழந்தைகளும் பேட்மேனை விரும்புகின்றனரே எனின், அஃது உண்மையே. நான்கும் ஆறும் வயதான குழந்தைகளிடத்து நிகழ்ந்து 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தம்மைப் பேட்மேன் முதலிய பாத்திரமாகப் பாவித்துக்கொண்டவர் சலிப்பூட்டும் வேலையிலும் நெடுநேரம் நிலைத்திருந்தனர் எனக் கண்டனர். ஆயின் அப்பயன் விளைந்தது வேடம் புனைந்து நடித்த பாவனையால். கதைகளைக் கண்டதனால் அன்று. இவ்வேறுபாட்டைப் பெற்றோர் மறத்தல் ஆகாது.

இதுகாறும் கூறியவற்றால், இத்தொடர் எட்டு வயதிற்கு மேற்பட்டோர்க்கு, அதுவும் தொடக்கத்தில் மூத்தோர் உடனிருந்து காணத்தக்கது என்பதும், அதனினும் இளையோர்க்கு ஏற்றதன்று என்பதும் எம் முடிபு. இளையோர்க்கு இப்போதைக்குப் பேட்மேனின் போர்வையும் விளையாட்டும் போதும். கதைகளைச் சில ஆண்டுகள் கழித்துக் காட்டலாம். அடிகளை எண்ணுதலை விடுத்து, எழுப்பிய அச்சத்தைக் கதை எவ்வாறு தணிக்கின்றது என்று வினவுதலே சிறார் படைப்புகளை ஆராய்வார்க்கு ஏற்ற நெறியாம்.