டார்ச் வெளிச்சத்தில் ஒரு கமாரோ

காடியின் நம்பரைச் சந்தேகப்பட ஜொகூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. சிங்கப்பூரில் சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்று முடிந்த வண்டி பாலம் தாண்டி வந்து, இங்கே நசுங்கிப்போன வேறொரு காடியின் எண்ணோடும் பதிவுக் கிராண்டோடும் ஓடும் ‘குளோன்’ கதை ஊரறிந்தது. அந்தச் சந்தேகத்தையே ரசனையாக்கிக்கொண்டவர்கள் பழைய அமெரிக்கக் காடிகளான மஸ்டாங், கமாரோ பிரியர்கள்.

அவர்களிடம் ஒரு காடியின் சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பாருங்கள்: 8ஆர்02எஸ்125558. 8 என்றால் 1968 மாடல். ‘ஆர்’ கலிஃபோர்னியாவின் சான் ஓசே ஆலை. 02 பின்பக்கம் சரிந்த ஃபாஸ்ட்பேக் உடல். ‘எஸ்’ 390 கன அங்குல வி8. மிச்சம் வரிசை எண். ‘புல்லிட்’ படத்தின் துரத்தல் காட்சியில் மேட்டில் எகிறி விழுந்த மஸ்டாங் இது. மெக்சிகோவில் துருப்பிடித்துக் கிடந்ததை வேறொரு படத்துக் காடியின் நகலாக்க இருந்தார்கள். 2017-ல் இந்த எண்தான் அதைக் காப்பாற்றியது. அடுத்த எண்ணுள்ள அதன் ஜோடி 2020-ல் 37 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

எல்லா எண்ணும் இப்படி வாய் திறக்காது. 1964, 65 போண்டியாக் ஜிடிஓவின் எண், ‘நான் லெமான்ஸ்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளும். 1966 முதல்தான் 242 என்று தொடங்கி உண்மையை ஒப்புக்கொள்கிறது. போலி செய்ய வசதியான இரண்டு வருஷங்கள்!

எனக்குப் பிடித்த இடம் கமாரோ எஞ்சினில், வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் இருக்கும் சின்னத் தட்டைப் பரப்பு. 1969 இசட்28 கமாரோ என்றால் அங்கே ‘டிஇசட்’ குறி இருக்கவேண்டும். கூடவே காடி எண்ணின் பின்பகுதி. எழுத்தை விடுங்கள், அதற்கு அடியில் இருக்கும் இரும்பைப் பாருங்கள். ஆலையில் ப்ரோச் இயந்திரம் சீவிய மயிரிழைக் கோடுகள் முன்னிருந்து பின்னாக ஓடும். பழைய எண்ணைத் தேய்த்தவன் அவற்றையும் சேர்த்துத்தான் தேய்த்திருப்பான். எஞ்சினைப் பிரித்து ஒழுங்காக மேல்முகம் சீவியிருந்தாலும் அவை போய்விடும். ஆகவே வழுவழுப்பு குற்றமல்ல, கேட்கவேண்டிய ஒரு கேள்வி. ஆனால் பிளாக்கின் வார்ப்புத் தேதி காடி பிறந்த தேதிக்குப் பிந்தியதென்றால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

தேய்த்த எண்ணும் அடியோடு சாவதில்லை. அச்சு அடிக்கும்போது கீழே உள்ள இரும்பும் நசுங்கி இறுகிவிடுகிறது. அமிலம் கலந்த செம்புக் குளோரைடைத் தடவினால் அந்த இடம் மட்டும் வேறு மாதிரி அரித்து, பழைய எண் மங்கலாக எழுந்துவரும். தடயவியல் ஆய்வகங்கள் இப்படி எண்களை மீட்கின்றன.

எஞ்சின் மாறிய கமாரோ மட்டமானது என்பது என் கட்சி அல்ல. மாற்றியதைச் சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்கட்டும். நானும் சந்தோஷமாக ஓட்டிப் பார்ப்பேன். ஜொகூரில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஸ்டீயரிங்கை வலப்பக்கம் மாற்றிய காடியில் டேஷ்போர்டு ஒருமுறையாவது கழன்றிருக்கும். கண்ணாடிக்குக் கீழே எண் தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட் தலைகளில் ஆலையின் பூவிதழ் வடிவம் இருக்கிறதா பாருங்கள். வாகனச் சோதனை நிறுவனமான புஷ்பகோமின் பி5 சோதனை, எண் கிராண்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். காடி அசல் இசட்28தானா என்று சொல்வது அதன் வேலையில்லை. டார்ச்சை நீங்களே கொண்டுபோங்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால்.