பிலிப்பைன்ஸ் திரையில் அந்நியப் படைத்தளங்கள்

1947 மார்ச் 14 அன்று கையெழுத்தான இராணுவத் தள ஒப்பந்தம், விடுதலை பெற்று ஓராண்டும் நிறையாத பிலிப்பைன்ஸின் நிலப்பகுதிகளை 99 ஆண்டுகளுக்கு அமெரிக்கப் படைகளின் பயன்பாட்டுக்கு விட்டதோடு, அங்கு நிகழும் குற்றங்கள் மீதான விசாரணை அதிகாரத்தையும், அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர் எந்த நாட்டு நீதிமன்றத்தின் முன் நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமையையும், பெருமளவு அமெரிக்காவிடமே ஒப்படைத்தது. படைத்தளங்களைப் பற்றிய பிலிப்பைன்ஸ் படங்களுள் இந்த உரிமையையே கதையின் மையமாக்கியது, லூபிடா அக்கினோ-கொன்சியோ 1976இல் இயக்கிய 'மின்சாய் இசாங் காமு-காமோ'.

சுடரை நாடிச் சென்று மடியும் விட்டில் பற்றித் தாய் சொன்னதாக பிலிப்பைன்ஸ் தேசிய வீரர் ஹோசே ரிசால் பதிவுசெய்த கதையை நினைவூட்டும் தலைப்பைக் கொண்ட இப்படத்தில், நோரா அவுனோர் ஏற்ற நாயகி அமெரிக்கா செல்லத் துடிக்கும் செவிலி. அவளுடைய தம்பியைச் சுட்டுக் கொன்ற அமெரிக்கப் படைவீரன், காட்டுப்பன்றி என்று எண்ணிச் சுட்டதாகக் காரணம் கூறுகிறான். துக்க வீட்டில் தன் தம்பி மனிதன், பன்றியல்ல என்று அவள் கதறும் காட்சி பிலிப்பைன்ஸ் மக்களின் நினைவில் நிலைத்துவிட்டது. ஆயினும் படத்தின் உண்மையான வலிமை அதற்குப் பிந்தைய பகுதியில்தான் இருக்கிறது: சுட்டவன் நாட்டைவிட்டே அனுப்பப்பட்டுவிட, குடும்பத்தின் கையில் வழக்கு மட்டும் எஞ்சுகிறது. தளத்தின் விற்பனை நிலையத்தில் பணிபுரியும் மற்றொரு பெண், ஆடை களைந்து சோதனையிடப்பட்ட அவமானத்துக்கு நீதி கேட்டு நிற்கும்போதும், குற்றஞ்சாட்டப்பட்டவர் கடமையில் இருந்தார் என்ற விளக்கமே குறுக்கே வருகிறது. அமெரிக்காவின் மீது நாயகி கொண்ட ஆசையைப் படம் ஏளனம் செய்யாமல், அதன் நியாயத்தை முழுமையாக உணர்த்திய பின்னரே அதை முறிப்பதால், அரசியல் அறிக்கையாகச் சுருங்கிவிடாமல் வாழ்வாகவே நிற்கிறது.

இராணுவச் சட்ட ஆட்சியின்போது, இயக்குநரின் அண்ணனும் எதிர்க்கட்சித் தலைவருமான பெனிக்னோ அக்கினோ சிறையில் இருந்த நாள்களில் இப்படம் வெளிவந்தது என்பது எளிதில் கடந்து செல்லத்தக்கதன்று. தள ஒப்பந்தத்தைத் திருத்த வாஷிங்டனுடன் அதிபர் மார்கோஸின் அரசு அப்போது பேசிவந்த நிலையில், இத்தகைய குரல் அரசுக்கு முற்றிலும் ஒவ்வாததாக இருக்கவில்லை என்று கருத இடமுண்டு. அதனால் படைப்பாளிகளின் துணிவு குறைந்துவிடுவதில்லை.

பின்வந்த லீனோ புரோக்காவின் 'பிஎக்ஸ்' (1982), சீட்டோ ரோன்யோவின் 'ஒலோங்காப்போ' (1987) ஆகியவை தளத்தை ஒட்டிய ஊர்களையும், மதுக்கூடங்களை நம்பிப் பிழைக்கும் பெண்களையும் நெருங்கிப் பார்த்தன. ஆனால் சட்டம் பற்றிய கேள்வி அவற்றில் பின்னணிக்குச் சென்றுவிட்டது.

1991 செப்டம்பர் 16 அன்று செனட் 12க்கு 11 என்ற வாக்குகளில் தளங்களை நீட்டிப்பதற்கான புதிய ஒப்பந்தத்தை நிராகரித்ததால், பினாட்டுபோ எரிமலையின் சாம்பலில் புதைந்த கிளார்க் தளத்தை அடுத்து, 1992 நவம்பரில் சூபிக் தளமும் காலிசெய்யப்பட்டது. எனினும் 1998இல் கையெழுத்தான வருகைப் படைகள் ஒப்பந்தம், பயிற்சிக்கென வரும் அமெரிக்க வீரர்களின் காவல் பற்றிய பழைய சிக்கலைப் புதுப்பித்தது. 2014இல் ஒலோங்காப்போவில் கொல்லப்பட்ட திருநங்கை ஜெனிபர் லாவுடேயின் வழக்கைப் பின்தொடரும் பி. ஜே. ராவலின் ஆவணப்படம் 'கால் ஹெர் காண்டா' (2018), கற்பனைக் கதை விட்ட இடத்தைப் பற்றிக்கொள்கிறது. இம்முறை குற்றவாளியான அமெரிக்கப் படைவீரனுக்குப் பிலிப்பைன்ஸ் நீதிமன்றமே தண்டனை விதித்தது. ஆனால் அவன் பொதுச் சிறைக்கு அனுப்பப்படாமல், மணிலா பெருநகரின் இராணுவத் தலைமையக வளாகத்தில் தனி இடத்தில் வைக்கப்பட்டு, 2020இல் அதிபரின் மன்னிப்பைப் பெற்று நாடு திரும்பினான்.